மெருகு போட்ட சைக்கிளும் மேட்டுச் சாவடியும்

விழுப்புரத்திலிருந்து வெளிதேசம் போக இருபத்து நான்கு மைல்தான். கப்பல் வேண்டாம், கம்பளிச் சட்டை வேண்டாம். கிழக்கே திரும்பிக் கண்டமங்கலம் தாண்டினால் பிரெஞ்சுக்காரன் ராஜ்யம் வந்துவிடும். அங்கே புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் ஏறக்குறைய அதே தூரம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரமும் அப்படியே. காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தால் மூன்று பக்கமும் சமமான முக்கோணம். இந்த முக்கோணத்தைச் சென்ற மாதம் சைக்கிளில் சுற்றி வந்தேன். ரயில்வேயில் கூட்ஸ் குமாஸ்தாவாக இருந்து முப்பது வருஷம் மணிலாக்கொட்டை மூட்டை எண்ணிவிட்டு ஓய்வு பெற்றவன், அறுபது வயதில் செய்யத் தகுந்த காரியமா இது என்று கேட்பவர்கள் என் மனைவியின் கட்சி. அந்தக் கட்சியில் ஊரில் பாதிப் பேர் இருக்கிறார்கள்.

காரணம் இதுதான். பங்குனியில் ஒருநாள் ரயில்வே கேட்டைக் கடக்கும்போது என் முன்சக்கரம் தண்டவாளத்தின் ஓரப் பள்ளத்தில் சிக்கியது, விழுந்தேன். மாயவரம் பாசஞ்சர் கைகாட்டிக்காக நின்றுகொண்டிருந்தது. ஜன்னல்களில் பதினேழு தலைகள் தெரிந்தன. கீழே கிடந்தபடியே எண்ணினேன். எழுந்திருக்க நேரமானதால் வேறு வேலை இல்லை. அந்தப் பதினேழில் ஒரு தலை எங்கள் தெருக்காரருடையது என்பதை எண்ணும்போது கவனிக்கவில்லை. நான் நொண்டிக்கொண்டே வீடு சேர்வதற்குள் செய்தி சேர்ந்துவிட்டது.

"போதுங்க," என்றாள் என் மனைவி அமிர்தம். "அந்த வண்டிய தாண்டவராயனுக்குக் குடுத்துடுங்க. அவன் தெனம் மில்லுக்கு நடந்து போய்க்கினு இருக்கான். உங்களுக்கு எதுக்கு இந்த வயசுல?"

தாண்டவராயன் அவளுடைய தம்பி. திண்டிவனத்தில் ஓர் எண்ணெய் மில்லில் எடை பார்க்கிறான். எங்கள் வீட்டுக்கு வந்தால் என்னை விசாரிக்கும் முன் என் சைக்கிளைத்தான் விசாரிப்பான். சந்தையில் காளையின் திமிலைத் தடவுவதுபோல மட்கார்டைத் தடவுவான். "சிங்கம் மாதிரி வெச்சிருக்கீங்க மாமா," என்பான். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் நான் வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடுவேன்.

ஒரு வாரம் வாக்குவாதம் நடந்து, கடைசியில் அமிர்தம் ஒரு தீர்ப்புச் சொன்னாள். நான் புதுச்சேரி, திண்டிவனம் இரண்டையும் சைக்கிளிலேயே சுற்றி வரவேண்டும். விழக்கூடாது. வண்டியைப் பஸ்ஸிலோ பாரவண்டியிலோ ஏற்றக்கூடாது. வண்டியை விட்டுவிட்டு நான் ஏறவும் கூடாது. தாண்டவராயன் ஒரு வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு கூடவே வருவான். வண்டி நல்ல நிலையில் இருக்கிறதா, எனக்கு ஆபத்தில்லாமல் ஓடுகிறதா என்று அவன் பார்த்துச் சொல்வான். "தம்பி வந்து என்ன சொல்றானோ அதான். அப்புறம் நானும் பேசமாட்டேன், நீங்களும் பேசக்கூடாது."

பந்தயப் பொருளுக்கு ஆசைப்படுகிறவனே பந்தயத்துக்கு நடுவர். இப்படி ஒரு நியாயம் உலகத்தில் எங்காவது உண்டா என்று கேட்டேன். "எங்க வீட்ல உண்டு," என்றாள்.

முதல் நாள் விடியற்காலையில் கிளம்பினோம். கிளம்புமுன் வழக்கம்போல் ஆரக்கம்பிகளை விரலால் தட்டி எண்ணினேன். முன்சக்கரத்தில் முப்பத்திரண்டு, பின்சக்கரத்தில் நாற்பது. வெள்ளைக்காரன் ஏன் பின்சக்கரத்துக்கு எட்டு அதிகம் வைத்தான் என்றால், மனிதனுடைய பாரம் பின்னால்தான் விழுகிறது. தட்டினால் எல்லாக் கம்பியும் ஒரே சுருதியில் பேசவேண்டும். ஒன்று மட்டும் சொத்தென்று பேசினால் அது தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். தாண்டவராயன் தன் வாடகை வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "எல்லாம் ஆஜரா மாமா?" என்று கேட்டான்.

சைக்கிள் விடுகிற அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. சீட்டில் உட்கார்ந்து குதிகாலை மிதியில் வைத்தால், மிதி கீழே இருக்கும்போது முழங்கால் நேராக நீளவேண்டும். அதுதான் சீட்டின் உயரம். தாண்டவராயன் சீட்டை ஒரு சாண் தாழ்த்தி வைத்திருந்தான். கால் தரையில் எட்டவேண்டுமாம். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து வந்து போயின. நான் சொன்னேன், கேட்கவில்லை. வளவனூர் போவதற்குள் அவன் ஒருக்களித்து உட்கார்ந்தான். கண்டமங்கலத்தில் மறுபக்கம் ஒருக்களித்தான். அங்கே ஒரு கொட்டகையில் கேப்பைக் கூழும் சுட்ட மிளகாயும் கொடுத்தார்கள். எனக்கு ஒரு மொந்தை, அவனுக்கு மூன்று.

நாற்று நடப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேர் எங்களைப் பார்த்து நின்றார்கள். ஒருத்தி கேட்டாள், "எங்க தாத்தா, பிரான்சுக்கா?"

"ஆமாம்," என்றேன்.

"வரும்போது எனக்கு ஒரு வெள்ளக்காரன கூட்டிக்கினு வா தாத்தா. எங்க வூட்டுக்காரன் நாத்துக் கட்டத் தூக்கமாட்டேங்கறான்."

தாண்டவராயன் கூழ் புரையேறும்படி சிரித்தான். நான் அவளிடம், வெள்ளைக்காரனும் தூக்கமாட்டான், அவனும் நம்மைத்தான் தூக்கச் சொல்வான் என்றேன். அவர்கள் சிரித்துக்கொண்டு வரப்பில் இறங்கிப் போனார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் கருவேல முள்ளைக் கவனிக்கவில்லை.

பஞ்சர் ஒட்டுவதில் அவசரம் கூடாது. ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழ் வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புக்காகிதத்தால் தேய்த்து, சொலூஷன் தடவி, அது காயும்வரை நூறு எண்ணவேண்டும். பலர் முப்பதில் ஒட்டிவிட்டு மூன்றாவது மைலில் அழுகிறார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தபோது தாண்டவராயன், "மாமா, வெயில் ஏறுது, ஜல்தி," என்று மூன்று தடவை குறுக்கிட்டான். மூன்று தடவையும் முதலிலிருந்து எண்ணினேன்.

இந்தத் தாமதத்தால்தான் பின்னால் வந்த விபரீதம். எல்லையில் நம் பக்கத்துச் சுங்கச் சாவடி ஒன்று இருக்கிறது. உள்ளே போகும்போது அங்கே சைக்கிளைக் காட்டி, இது இங்கிருந்து கொண்டுபோகிற வண்டி என்று சீட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது, புதுச்சேரியில் தீர்வையில்லாமல் வாங்கிய வண்டி என்று பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அது தெரியும். ஆனால் சீட்டுக் கொடுப்பவர் சாப்பிடப் போயிருந்தார். காத்திருக்கலாம் என்றேன்.

"இந்த வண்டிக்கு சீட்டு ஒரு கேடா? பாத்தாலே தெரியுமே மாமா பழசுன்னு," என்றான் தாண்டவராயன். இத்தனை வருஷம் சிங்கம் என்றவன் வாயால் அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. கோபத்தில் மிதித்தேன். எல்லை தாண்டிவிட்டோம்.

புதுச்சேரியைப் பற்றி எல்லாரும் எழுதியாகிவிட்டது. தெருக்கள் அடிக்கோல் வைத்துப் போட்ட மாதிரி இருக்கின்றன. போலீஸ்காரன் சிவப்புத் தொப்பி வைத்திருக்கிறான். எங்கள் ஊரில் ஒரு தெருவில் போனால் அது எங்கே போகும் என்று அந்தத் தெருவுக்கே தெரியாது. அங்கே எந்தத் தெருவும் கடைசியில் கடலுக்குப் போய்விடுகிறது. ரொட்டி ஒரு முழ நீளம். மேலே தட்டினால் கதவைத் தட்டின சத்தம் வருகிறது. காபியில் தோய்த்தால்தான் எனக்கு மிஞ்சியிருக்கும் பற்களுக்குச் சாத்தியம். தாண்டவராயன் தோய்க்காமல் இரண்டு ரொட்டி தின்றான்.

இரண்டாம் நாள் ஓய்வு. காலையில் நாங்கள் தங்கியிருந்த சத்திரத்து வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, வாளித் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில், சைகோனில் பிரெஞ்சுக்காரனிடம் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கும் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தமிழர்தான், ஆனால் வேட்டிக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் மெடல். அந்த வழியாக நாயைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி நின்று, அவரிடம் பிரெஞ்சில் என்னவோ கேட்டாள். அவரும் நீளமாகப் பதில் சொன்னார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

"இந்தப் பெரியவர் ஏன் சைக்கிளைக் குளிப்பாட்டுகிறார், அதற்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்," என்று மொழிபெயர்த்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வயசாகிவிட்டது, வேறொன்றும் இல்லை என்றேன். இரண்டு பேருக்குமா என்றாள். ஆமாம் என்றேன்."

அவர் சொன்னது தப்பில்லை. தண்ணீர் பட்டதும் வண்டியின் வயது முழுவதும் வெளியே வந்துவிட்டது. முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கில் பற்றவைத்த தழும்பு தெரிந்தது. ஹாண்டில்பாரில் நிக்கல் உரிந்து பித்தளை தெரிந்தது. இதை இப்படியே கொண்டுபோய் அமிர்தத்தின் முன் நிறுத்தினால், தாண்டவராயன் வாயைத் திறக்கவே வேண்டாம். உடனே அதைத் தள்ளிக்கொண்டு ஒரு சைக்கிள் கடையைத் தேடிப் போனேன்.

கடைக்காரர் கோட்டக்குப்பத்துக்காரர், காதர் பாய் என்று பெயர். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "வண்டிக்கு என்னா ஐயா? எலும்பு கெட்டி. தோலுதான் போயிக்கினு இருக்கு. பிரெஞ்சு மெருகு ஒண்ணு வந்துருக்கு. ரெண்டு கை போட்டேன்னா, கல்யாணத்துக்குக் கூட்டிக்கினு போலாம்."

"காய்ந்துவிடுமா?"

"நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, ஜல்தி காஞ்சிடும்."

நான்கு டீ குடிக்கும் நேரம் ஆயிற்று. ஆனால் பாய் சொன்னபடி செய்துவிட்டார். தழும்பின்மேல் மக்கு என்கிற பசையை வைத்துத் தேய்த்து, கறுப்பு மெருகு இரண்டு கை பூசி, ஹாண்டில்பாருக்கு வெள்ளிப் பூச்சுக் கொடுத்து, சீட்டுத் தோலுக்குக்கூட எண்ணெய் போட்டு மினுக்கியிருந்தார். மட்கார்டில் குனிந்து பார்த்தால் என் மூக்குத் தெரிந்தது. என் கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு பளபளப்பாக இல்லை.

தாண்டவராயனும் கடைவீதிக்குப் போய் வந்திருந்தான். ஒரு பிரெஞ்சுக் குடையும் ஒரு ஜோடி பூட்ஸும் வாங்கியிருந்தான். என் சைக்கிளைப் பார்த்ததும் குடையைக் கீழே வைத்தான். மட்கார்டைத் தடவக் கையை நீட்டி, விரல் ரேகை பதியுமே என்று இழுத்துக்கொண்டான். "ஐயோ மாமா!" என்றான்.

மூன்றாம் நாள் திண்டிவனம் சாலை. இந்த முக்கோணத்தில் மேடு என்று சொல்லத்தக்கது இங்கேதான் இருக்கிறது. ஊரை விட்டு வடமேற்கே திரும்பியதும் பூமி செம்மண்ணாகிக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து கோரிமேட்டில் ஏறுகிறது. பார்வைக்கு மேடு தெரியாது. முழங்காலுக்குத் தெரியும். சமதரையில் என் வண்டிக்கு ஒரு மைலுக்கு முந்நூற்றுப் பத்துச் சுற்று மிதிக்கவேண்டும். மேட்டில் எவ்வளவு ஆகும் என்று பல நாளாகச் சந்தேகம். எண்ணிப் பார்த்தேன், அதே முந்நூற்றுப் பத்து. சக்கரத்துக்கு மேடு பள்ளம் கிடையாது, மூச்சுக்குத்தான் உண்டு. மேடு ஏறும்போது எழுந்து நின்று மிதிக்கக்கூடாது. சீட்டின் பின்பக்கம் நகர்ந்து, ஹாண்டிலைத் தளர்வாகப் பிடித்து, வாயை மூடிக்கொண்டு மிதிக்கவேண்டும். தாண்டவராயன் நின்று மிதித்தான். பாதி மேட்டில் இறங்கித் தள்ளினான்.

மேட்டின் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் அவன் சாலையோரம் வண்டியைச் சாய்த்துவிட்டு, புதுக் குடையைச் செம்மண் சேற்றில் போட்டு மிதித்தான். பூட்ஸை எடுத்துக் கல்லில் தேய்த்தான்.

"உனக்குப் பைத்தியமா?"

"சும்மா இருங்க மாமா. சாவடில புதுசா இருந்தா தீர்வை கேப்பான். அல்லாரும் இப்டித்தான் எடுத்துக்கினு போறாங்க." நிமிர்ந்து என் வண்டியைப் பார்த்தான். "நீங்களும் கொஞ்சம் சேறு பூசிக்கினீங்கன்னா..."

"என் வண்டி பழைய வண்டி. நான் எதற்குப் பூசவேண்டும்? யோக்கியனுக்குச் சேறு வேண்டாம்," என்று சொல்லிவிட்டு ஏறிப் போனேன்.

சாவடியில் நாலைந்து மாட்டுவண்டிகளும் கூடைக்காரிகளும் நின்றார்கள். சுங்க இன்ஸ்பெக்டர் இளவயதுக்காரர். அரைக்கால் சட்டை, நல்ல மரியாதை. தாண்டவராயன் வண்டியின் பின்மட்கார்டில் விழுப்புரத்து வாடகைக் கடையின் பெயரும் நம்பரும் பெயிண்டில் எழுதியிருந்தது. குடையை இன்ஸ்பெக்டர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, சேறு ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டு, போ என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். திரும்பியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். மெருகில் பட்ட வெயில் அவர் முகத்தில் அடித்தது.

"புதுசுங்களா ஐயா?"

"இல்லை. பதின்மூன்று வருஷத்து வண்டி."

"பதிமூணு வருஷம்." சாவடிச் சுவரில் சாய்த்திருந்த ஒரு சைக்கிளைக் காட்டினார். துருப்பிடித்து, மட்கார்டு தொங்கிக்கொண்டிருந்தது. "அது என் வண்டி. போன வருஷம் வாங்கினேன்."

கூட்டம் சிரித்தது. ஒரு கூடைக்காரி, "பெரியவரு வண்டிய பீரோவுல வெச்சி ஓட்டுவாரு போலக்குது," என்றாள்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "எல்லாரும் புதுசை அழுக்காக்கி எடுத்துட்டு வருவாங்க. அதைக் கண்டுபிடிக்கிறதுதான் எங்க வேலை. புதுசைத் துடைச்சு மினுக்கி நேரா எங்ககிட்டயே எடுத்துட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான். போகும்போது வாங்கின சீட்டு இருக்கா?"

இல்லை.

"வாங்கின ரசீது?"

"வீட்டில், பெட்டியில் இருக்கிறது."

"சரி. வண்டி இங்கே பத்திரமா இருக்கும். நீங்க பஸ்ஸுல ஊருக்குப் போய் ரசீதோட வாங்க, தந்துடறேன்."

அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் பஸ்ஸில் போனால் நான் தோற்றேன். அமிர்தம் ரசீதை எடுத்து என்னிடம் கொடுக்கமாட்டாள், தம்பியிடம் கொடுப்பாள். வண்டி சாவடியிலிருந்து நேரே திண்டிவனம் போய்விடும்.

பழைய வண்டி என்று நிரூபிக்க எனக்கு ஒரே வழிதான் இருந்தது. அதன் குறைகள் எனக்குத் தெரியும். பதின்மூன்று வருஷமாக ஒருவரிடமும் சொல்லாமல் நானே சமாளித்து வந்த குறைகள். ஆனால் நாலடி தூரத்தில் தாண்டவராயன் நின்றுகொண்டிருந்தான்.

"மச்சான், வெயிலாக இருக்கிறது. அந்தப் புளியமரத்தடியில் போய் உட்காரேன்."

"உக்கார முடியாது மாமா," என்றான் பரிதாபமாக. "நிக்கறதுதான் சவுகரியமாக்குது."

வேறு வழியில்லை. ஆரம்பித்தேன். "போர்க்கின் வலது காலில் பற்றவைத்திருக்கிறது. மக்கைச் சுரண்டினால் தெரியும். அது ஒன்று. அதனால் வண்டி இடது பக்கம் இழுக்கும். இரண்டு. ஃப்ரீவீலில் பல் தேய்ந்துவிட்டது. அழுத்தி மிதித்தால் நழுவும். மூன்று. இடது மிதி வளைந்திருக்கிறது. முன்பிரேக் பார்வைக்குத்தான். சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் அறுந்து, அங்கே கட்டியிருப்பது கிணற்றுக் கயிறு. பின் ரிம்மில் சொட்டை. கிராங்கில் ஆப்பு தளர்ந்து, சிகரெட் டப்பாத் தகடு செருகியிருக்கிறேன். மணி வேறொரு வண்டியினுடையது. ஒன்பது."

பெற்ற பிள்ளையைச் சபையில் நிறுத்தித் திட்டுவது போலிருந்தது. தாண்டவராயன் வாயைத் திறந்தபடி ஒவ்வொரு குறைக்கும் குனிந்து அந்தந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"வாயால சொன்னா எப்படிங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். "மெருகைச் சுரண்டிப் பார்த்து, புது வண்டியா இருந்துட்டா?"

அவருடைய சேவகன் கோவிந்தன் முன்னால் வந்தான். பளபளப்பைப் பார்த்ததிலிருந்து அவனுக்குக் கை ஊறிக்கொண்டிருந்தது. "நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறேன் சார். பழசா புதுசான்னு மிதிச்சா தெரிஞ்சிடும்."

"வேண்டாம் தம்பி," என்றேன். உண்மையாகவே சொன்னேன்.

"நான் ஓட்டாத வண்டியா பெரியவரே?" என்று தாவி ஏறினான். முதல் மிதி சரியாக விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதை ஜோராக அழுத்தினான். ஃப்ரீவீல் நழுவி, கால் காற்றில் போயிற்று. பிடித்துக்கொள்ள ஹாண்டிலை இறுக்கினான். இறுக்கினால் அது இடது பக்கம் போகும்; போயிற்று. முன்பிரேக்கைப் பிடித்தான். மணி மட்டும் அடித்தது. அங்கே வைக்கோல் பாரத்தோடு ஒரு வண்டி நின்றிருந்ததால் பிழைத்தான். இடுப்புவரை உள்ளே போய்விட்டான். வெளியே இரண்டு கால்கள் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தன.

வண்டிக்காரன் எழுந்திருக்கவே இல்லை. "டேய் கோயிந்தா, அது மாட்டுக்கு எடுத்துக்கினு போறதுடா. உனக்கு வோணும்னா கேட்டு வாங்கு," என்றான்.

சிரிப்பு அடங்கியதும் இன்ஸ்பெக்டர் என்னிடம், "நீங்க எப்படி ஐயா ஓட்டறீங்க?" என்று கேட்டார். ஏறி ஒருமுறை சுற்றிக் காட்டினேன். வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்து உட்காரவேண்டும். ஒவ்வொரு மூன்றாவது மிதிக்கும் காலை லேசாக்கவேண்டும். நிறுத்த வேண்டுமானால் ஐந்து கஜத்துக்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

"எடுத்துட்டுப் போங்க," என்றார் அவர், கைகூப்பாத குறையாக. "இதை ஒருத்தனும் கடத்தமாட்டான்."

வைக்கோலிலிருந்து வெளியே வந்த கோவிந்தன், "பேஜாரு புடிச்ச வண்டி," என்று துப்பினான்.

அங்கிருந்து திண்டிவனம்வரை தாண்டவராயன் எனக்குப் பின்னாலேயே வந்தான். முன்னால் வரச் சொன்னால், "நீங்க போங்க மாமா, நான் பாத்துக்கினு வர்றேன்," என்றான். என்ன பார்த்துக்கொண்டு வந்தான் என்பது எனக்குத் தெரியும். ஒன்பது குறையையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தான். கிளியனூரில் வேகவைத்த மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, வாங்கிக் கொடுத்தேன். தின்றான், மனம் மாறினதாகத் தெரியவில்லை. அவன் வீட்டில் அவன் மனைவி கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் செய்திருந்தாள். நான் கைகழுவிக்கொண்டிருந்தபோது, அடுப்பங்கரையில் அவன் சாவடிக் கதையை நடித்துக் காட்டுவதும், அவள் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரிப்பதும் கேட்டது. நாளைக்கு இதே நாடகம் விழுப்புரத்தில் அரங்கேறும். களி எனக்கு உள்ளே இறங்கவில்லை.

நான்காம் நாள் எதிர்க்காற்று. மேட்டைவிட எதிர்க்காற்று பொல்லாதது; மேட்டுக்கு மறுபக்கம் உண்டு. மயிலம் குன்று இடது பக்கம் வந்து வெகுநேரம் நகராமல் நின்றது. விக்கிரவாண்டியில் காபி குடிக்கும்போது மெல்லக் கேட்டேன். "மச்சான், அக்காவிடம் என்ன சொல்லப்போகிறாய்?"

"உள்ளத சொல்வேன் மாமா."

"எந்த உள்ளது?"

அவன் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தான். அதற்குமேல் எனக்குக் கேட்கத் துணிவில்லை. மிச்சமிருந்த மைல்களை எண்ணக்கூட இல்லை.

வீட்டு வாசலில் அமிர்தம் நின்றிருந்தாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். சிராய்ப்பு ஒன்றும் இல்லை. பிறகு சைக்கிளைப் பார்த்தாள். இரண்டு நாள் புழுதியிலும் மெருகு மினுமினுத்தது. "ஐய, என்னமா கீது!" என்று வாய்விட்டுச் சொன்னாள். நான் முகம் துடைப்பதற்காக வண்டியைத் தாண்டவராயன் கையில் கொடுத்தேன். அவன் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சொல்லுடா," என்றாள் அவள். "வழியில விழுந்தாரா?"

"இல்லக்கா. மாமா விழல."

"வண்டி?"

துண்டை முகத்திலேயே வைத்துக்கொண்டேன்.

"வண்டி அவுருகிட்டயே இருக்கட்டும்க்கா. எனக்கு வேணாம்."

என் காதை நானே நம்பவில்லை. நான்கு நாளாக அழுத்திக்கொண்டிருந்த பாரம் இறங்கிற்று. அது இறங்கிய இடத்தில் உடனே வேறொன்று ஏறி உட்கார்ந்தது. வேணாமா? என் வண்டியா வேணாம்? எட்டு வருஷமாக மட்கார்டைத் தடவியவன்!

"ஏன் வேணாம்?" என்றேன்.

"மாமா, நீங்களே ஒம்பது சொன்னீங்க..."

"ஒன்பது என்ன ஒன்பது? சுங்கக்காரனிடம் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்வதா? இழுக்கிறதாம்! எந்த வண்டி இழுக்கவில்லை? உன் வாடகை வண்டி இழுக்கவில்லையா? மேட்டில் நீ தள்ளிக்கொண்டு வந்தாய், நான் ஏறிப் போனேன். பஞ்சர் ஒன்று, அதுவும் முள்ளின் குற்றம். எழுபத்திரண்டு கம்பியும் ஒரே சுருதி. இந்த ஜில்லாவில் இதைப்போல ஒரு வண்டி காட்டு பார்ப்போம்!" மூச்சு வாங்கியது. இன்னும் சொல்ல இருந்தது.

அமிர்தம் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவ்ளோ நல்ல வண்டியா? அப்போ அவனே எடுத்துக்கினு போகட்டும். பாவம், தெனம் நடந்து போறான். நீங்களே இவ்ளோ சொல்லும்போது அவனுக்கு என்னா பயம்?"

தாண்டவராயன் மறுபடி மட்கார்டைப் பார்த்தான். அதில் அவன் மூக்குத் தெரிந்திருக்கவேண்டும். முகத்தில் பழைய ஆசை மெல்ல ஊறி வருவதைக் கண்ணால் பார்த்தேன்.

"ஒரு விஷயம்," என்றேன் அவசரமாக. "சாவடியில் சொல்லாதது. இந்தச் சீட்டு பதின்மூன்று வருஷமாக என் ஒருவனுடைய அளவுக்கே பள்ளம் விழுந்து போயிருக்கிறது. வேறு யார் உட்கார்ந்தாலும் மூன்றே மாதத்தில் மூலம் வந்துவிடும்."

தாண்டவராயன் சட்டென்று கையை எடுத்துவிட்டான். நான் தாவிப் பிடித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் வண்டி இடது பக்கமாகச் சாய்ந்திருக்கும்.